கல்வராயன் மலையில் கண்ணுக்குத் தப்பும் பூச்சிகள்

கல்வராயன் மலை ஆண்டுக்கு இருமுறை நிறம் மாறும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2000 அடி முதல் 4000 அடி வரை உயர்கிறது. அடிவாரத்தில் முட்புதரும் அதற்கு மேல் இலையுதிர் காடுமாக இருக்கும் சரிவுகள் மாசி, பங்குனி வாக்கில் மொட்டையாகிவிடும். கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையோரம் கணுக்கால் வரை சருகு கிடக்கும். மழை இறங்கிய சில வாரங்களில் அதே சரிவு பச்சையாகிவிடும். மலையில் வாழும் பூச்சிகளுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். கரிச்சானும் தவிட்டுக்குருவியும் செம்போத்தும் ஓணானும் பகலெல்லாம் பூச்சி தேடுகின்றன. சருகின் மேல் பச்சைப் பூச்சி உட்கார்ந்தால் மாட்டிக்கொள்ளும். பசும்புல்லில் பழுப்புப் பூச்சிக்கும் அதே கதிதான்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்ட பூச்சிகளில் ஒன்று மலையிலும் உண்டு, கீழே கள்ளக்குறிச்சி வயல்வெளியிலும் உண்டு. மெலானிட்டிஸ் லீடா என்பது அதன் அறிவியல் பெயர். இந்தியா முழுக்கக் காணப்படும், உள்ளங்கை அகலப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி. இதன் புழு நெற்பயிரையும் மற்றப் புற்களையும் தின்னும். உடல் பசும்புல்லின் நிறம். தலையில் இரண்டு சிறு கொம்பு. வளர்ந்த பூச்சி பூவை அதிகம் நாடாது. அழுகிய பழமும் மரத்தில் வடியும் சாறும்தான் உணவு. பகல் முழுக்கச் சருகுக்கு நடுவே சிறகை மூடிக்கொண்டு கிடக்கும்; பொழுது சாயும் நேரத்தில் பறக்கத் தொடங்கும். காலடி மிக அருகில் விழும்வரை அசையாது. எழுந்தாலும் சில அடி தூரம் தள்ளாடிப் பறந்து மறுபடி சருகில் விழுந்து மறைந்துவிடும். விழுந்த இடத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்தவருக்கும் அது எந்தச் சருகு என்று சொல்வது கடினம்.

மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சியின் சிறகடியில் மெல்லிய வரிகளும், ஓரத்தில் மஞ்சள் வளையமிட்ட கண் போன்ற புள்ளிகளும் வரிசையாக இருக்கும். வறட்சிக் காலத்தில் பிறப்பதற்கு அந்தக் கண்கள் சிறு புள்ளியாகச் சுருங்கிவிடுகின்றன, அல்லது அடியோடு மறைந்துவிடுகின்றன. சிறகின் நுனி கூராக வளைந்து இலையின் வடிவம் கொள்கிறது; நிறம் காய்ந்த இலையின் நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெவ்வேறு இனம் என்றே தோன்றும். ஆனால் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு வகையும் வரலாம். புழுப் பருவத்தில் கிடைக்கும் வெப்பநிலை போன்ற பருவத்தின் அறிகுறிகளைக் கொண்டு, எந்தச் சிறகு தேவை என்பது கூட்டுக்குள் போவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பூச்சி யோசித்து ஆடை மாற்றுவதாக நினைத்துவிடக் கூடாது. இயற்கைத் தேர்வு இயங்க மூன்றே மூன்று நிபந்தனைகள் போதும். ஓர் இனத்தின் உயிர்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். அந்த வேறுபாட்டால் சில உயிர்கள் மற்றவற்றைவிட அதிகச் சந்ததி விட வேண்டும். சார்லஸ் டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலில் இலை தின்னும் பூச்சிகள் பச்சையாகவும் பட்டையை நாடும் பூச்சிகள் சாம்பல் புள்ளிகளோடும் இருப்பதைச் சுட்டியது இந்த வாதத்துக்காகத்தான். புதிய நிறங்களைத் தருவது மரபணுவில் அவ்வப்போது நேரும் மாற்றம், அது குருட்டுத்தனமானது. அதில் எது மிஞ்சுகிறது என்பதில் மட்டும் குருட்டுத்தனம் இல்லை. அதை முடிவு செய்வது பறவையின் கண்.

மெலானிட்டிஸின் விஷயத்தில் தேர்வாகி நிலைத்தது குறிப்பிட்ட ஒரு நிறம் என்று சொல்ல முடியாது. பருவத்தைப் பார்த்து நிறத்தை மாற்றும் திறனே தேர்வாகியிருக்கிறது. அதற்கான காரணத்தைப் பால் பிரேக்ஃபீல்டு, டோர்பென் லார்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் தெளிவாக முன்வைத்தார்கள். மழைக்காலத்தில் உணவு தாராளம். பூச்சி ஓடியாடி இணை தேடி முட்டையிட வேண்டும். நடமாடும் பூச்சியால் முழுக்க மறைந்திருக்க முடியாது. ஆகவே எதிரி கொத்தினாலும் உடலில் படாமல் சிறகோரத்தில் படும்படி திசைதிருப்பும் கண்புள்ளிகள் உதவுகின்றன. வறட்சியில் முட்டையிடப் புல் இல்லை. மழை வரும்வரை உயிரோடு கிடப்பது ஒன்றுதான் வேலை. அப்போது பளிச்சென்ற புள்ளி ஆபத்து.

இந்த வாதத்தை இதன் ஆப்பிரிக்க உறவான பைசைக்ளஸ் அனினானா என்ற சிறு வண்ணத்துப்பூச்சியில் சோதித்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தை மட்டும் கூட்டிக் குறைத்தே இருவகைச் சிறகுகளையும் வரவழைக்க முடிகிறது. கும்பிடுபூச்சியோடு ஒரே கூண்டில் விட்டபோது, பெரிய கண்புள்ளி உள்ளவற்றைக் கும்பிடுபூச்சி சிறகோரத்தில் பிடித்தது. சிறகு கிழிந்ததே தவிர உயிர் தப்பியது. இந்த முடிவு 2015இல் வெளியானது. அதே கண்புள்ளி காய்ந்த இலைகளுக்கு நடுவே பறவையின் கண்ணில் பட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது வேறு சோதனைகளில் தெரிந்தது.

மெலானிட்டிஸில் இன்னொரு விசித்திரம் உண்டு. மழைக்காலப் பூச்சிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, வறட்சிக்காலத்தவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று வெளிர்மஞ்சள், ஒன்று செம்பழுப்பு, ஒன்று கருமை படர்ந்தது, ஒன்றில் பூஞ்சை பிடித்தது போன்ற திட்டு. சருகிலும் இத்தனை நிறம் உண்டு என்பது பாதி விடைதான். மீதி விடை பறவையின் மூளையில் இருக்கிறது. ஒரே மாதிரி இரையை நாலைந்து முறை கண்டுபிடித்துத் தின்ற பறவைக்கு அந்த உருவம் மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு அதையே தேடிப் பிடிக்கிறது. அப்போது அரிதான நிறம் கொண்ட பூச்சி தப்பிக்கிறது. அது பெருகிச் சாதாரணமானதும் அதற்கும் ஆபத்து வருகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆலன் பாண்டு, ஆலன் காமில் இருவரும் நீல ஜே பறவைகளைக் கணினித் திரைமுன் நிறுத்தி, திரையில் தெரியும் பொய் அந்துப்பூச்சிகளைக் கொத்தப் பழக்கினார்கள். பறவையிடம் தப்பிய பூச்சிகளே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர். தலைமுறை செல்லச் செல்லப் பூச்சிகளைக் கண்டுபிடிப்பது கடினமானது. கூடவே அவற்றின் தோற்றத்தில் வகைகளும் பெருகின. 2002இல் வெளிவந்த இந்த ஆய்வில் உயிருள்ள பூச்சி ஒன்றுகூட இல்லை. வேட்டையாடும் கண்ணும் மரபுவழி மாறும் இரையும் இருந்தால் போதும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

உருமறைப்பு நிறத்தோடு முடிவதும் இல்லை. அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். கொல்லையில் நிற்கும் மாமரம் போதும். யூதாலியா அகோந்தியா என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு மாவிலையில் வளர்கிறது. உடல் இலையின் பச்சை. முதுகின் நடுவே தலை முதல் வால் வரை வெளிர்மஞ்சள் கோடு ஒன்று. இரு பக்கமும் இறகு போலக் கிளைத்த நீண்ட முட்கள் தட்டையாக விரிந்து இலையோடு ஒட்டிக் கிடக்கும். புழு இலையின் நடுநரம்பின் மேல் நீளவாக்கில் படுத்தால் முதுகுக் கோடு நரம்பின் தொடர்ச்சியாகிவிடுகிறது. பக்கவாட்டு முட்கள் கிளைநரம்புகளாகத் தெரிகின்றன. உடல் விளிம்பின் நிழல் இலையில் விழாதபடியும் அந்த முட்களே பார்த்துக்கொள்கின்றன. இதே புழு இலைக்குக் குறுக்கே படுத்தால் வேடம் அந்த நொடியே கலைந்துவிடும். ஆகவே, இங்கே கோடு மட்டும் தேர்வாகவில்லை. நரம்பின் மேல் நேராகப் படுக்கும் பழக்கமும் சேர்ந்தே தேர்வாகியிருக்கிறது. நிறமும் நடத்தையும் ஒன்றை விட்டு ஒன்று பயன்படாது என்பதால், உருமறைப்பைப் பற்றிப் பேசும்போது நிறத்தை மட்டும் பேசுவது அரைகுறையான பேச்சு.

கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் வளரும் அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வேறு வழியில் போகின்றன. இளம்புழு கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு, பார்ப்பதற்கு அசல் பறவை எச்சம். பறவை தன் எச்சத்தைத் தின்னாது. ஆனால் புழு வளர்ந்து விரல் பருமன் ஆகும்போது அந்த அளவில் எச்சம் இருக்காது; ஏமாற்று எடுபடாது. கடைசித் தோலுரிப்பில் புழு பச்சையாகிவிடுகிறது. இளமைக்கால ஹார்மோன் எனப்படும் சுரப்பு குறைவதுதான் இந்த மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். பிறகு கூட்டுப்புழுப் பருவத்திலும் பச்சைத் தண்டில் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் பழுப்புக் கூடு என்று இடத்துக்கேற்ற நிறம்.

இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது, நிரூபணம் எங்கே என்ற கேள்வி நூறு ஆண்டுக்கு முன்பே எழுந்தது. 1904இல் செஸ்னோலா என்பவர் இத்தாலியில் செய்த சோதனை இன்றும் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. கும்பிடுபூச்சியில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. அவற்றைப் பட்டுநூலால் புல்லில் கட்டிவைத்தார். பசும்புல்லில் கட்டிய 20 பச்சைப் பூச்சிகளும் 17 நாள் கழித்தும் உயிரோடிருந்தன. காய்ந்த புல்லில் கட்டிய 20 பழுப்புப் பூச்சிகளும் அப்படியே. காய்ந்த புல்லில் கட்டிய 25 பச்சைப் பூச்சிகளில் 11 நாளுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. பசும்புல்லில் கட்டிய 45 பழுப்புப் பூச்சிகளில் மிஞ்சியவை 10.

ஒரு தலைமுறையில் யார் பிழைத்தார்கள் என்பதை இது காட்டியது. பல தலைமுறைகளில் இனமே மாறுவதைக் காட்டியது இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சி. அதன் இயல்பான நிறம் வெள்ளையில் கரும்புள்ளி. தொழிற்சாலைப் புகையால் மரப்பட்டைகள் கருத்த மான்செஸ்டரில் 1848இல் முழுக்கக் கருத்த ஒரு பூச்சி பதிவானது. 1895இல் அங்கே நூற்றுக்கு 98 கருப்பு. இத்தனை வேகமாகப் பெருக வேண்டுமென்றால் கருப்புப் பூச்சி மற்றதைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டிருக்க வேண்டும் என்று மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1924இல் கணக்கிட்டார். இயற்கைத் தேர்வுக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று அன்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

பறவைதான் காரணம் என்று காட்ட பெர்னார்டு கெட்டில்வெல் 1950களில் செய்த சோதனைகளில் குறைகள் இருந்தன. பூச்சிகளை அவை இயல்பாக உட்காராத இடங்களில் விட்டார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பரிணாமத்தை எதிர்ப்பவர்கள் அதைப் பெரிதாக ஊதினார்கள். கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை, ஆட்சேபங்களைச் சரிசெய்து, 4864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். புகை அடங்கி மரங்கள் வெளுத்துவிட்ட காலம் அது; இப்போது கருப்புப் பூச்சிகளே அதிகம் தின்னப்பட்டன. கருப்பு நிறத்துக்குக் காரணம் கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் நுழைந்த, இடம் தாவும் டிஎன்ஏ துண்டு என்பது 2016இல் தெரியவந்தது. அந்த மாற்றம் 1819 வாக்கில் நேர்ந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆக, புகை அந்தக் கருப்பை உண்டாக்கவில்லை. எங்கோ ஒரு பூச்சியில் அது ஏற்கெனவே இருந்தது. புகை வந்து அதற்கு வாய்ப்பளித்தது.

கல்வராயன் மலைக்கு ஆலைப்புகை இல்லை. கோடையில் காட்டுத் தீ உண்டு. தீ போன சரிவு ஒரே நாளில் கருத்துவிடும். அங்கே தப்பிய வெட்டுக்கிளிக்கு முந்தின நாள் வரை காப்பாற்றிய நிறம் இனி உதவாது. இந்த நிலைமையை நேரடியாக ஆராய்ந்தவர்கள் ஸ்வீடன் நாட்டினர். அங்குள்ள குட்டை வெட்டுக்கிளிகளில் கருப்பும் உண்டு, வேறு நிறங்களும் உண்டு. எரிந்த நிலத்தில் கருப்பின் பங்கு எகிறியது; செடிகொடி திரும்பி முளைத்த சில ஆண்டுகளில் சரிந்தது. அந்த நிறம் பரம்பரையாக வருவது என்பதை வளர்த்துப் பார்த்தும் உறுதி செய்தார்கள். பரிணாமம் என்றாலே கோடி ஆண்டு என்ற எண்ணம் பூச்சிகள் விஷயத்தில் பொருந்தாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறை காணும் உயிர் நான்கைந்து ஆண்டில் கணிசமாக நகர்ந்துவிடும்.

எல்லாப் பூச்சியும் ஒளிவதில்லை. சாலையோர எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமும் கலந்த பெரிய வெட்டுக்கிளி யாருக்கும் அஞ்சாமல் உட்கார்ந்திருக்கும். எருக்கம்பாலின் நஞ்சை உடலில் சேர்த்து வைத்திருப்பதால் அதைத் தின்ற பறவை மறுமுறை தொடாது. அதற்குப் பளிச்சென்று தெரிவதே பாதுகாப்பு. இந்தக் கெட்ட பெயரைக் கடன் வாங்கிப் பிழைப்பவையும் உண்டு. கறிவேப்பிலையில் வளரும் கருப்பு அழகி வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகளைத் தின்று நஞ்சேறிய இருவேறு சிவப்புடல் வண்ணத்துப்பூச்சிகளை ஆளுக்கு ஒன்றாக நகலெடுத்திருக்கும். ஒரே தாய்க்கு இந்த வகைகள் பிறக்கக் காரணம் டபிள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குந்தேயும் சிகாகோ ஆய்வாளர்களும் 2014இல் கண்டுபிடித்தார்கள். ஆணா பெண்ணா என்பதை உடலில் அமல்படுத்தும் மரபணுவே வேடத்தையும் கையாள்கிறது. போலி அதிகமானால் பறவைக்கு அச்சம் விட்டுப்போகும். ஆகவே போலிகள் ஒரு அளவுக்கு மேல் பெருக முடியாது.

வேட்டையாடும் பூச்சியும் ஒளிய வேண்டியிருக்கிறது. தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் காங்கிலஸ் என்ற கும்பிடுபூச்சி முழுக்கக் காய்ந்த குச்சியும் சருகும் கோத்த உருவம். நீண்ட மெல்லிய மார்பு ஈர்க்கு போலவும், கால்களிலும் வயிற்றிலும் உள்ள மடல்கள் உதிர்ந்த இலைத்துணுக்கு போலவும் இருக்கும். காற்றில் ஆடும் குச்சியைப் போல உடலை மெல்ல அசைக்கவும் செய்யும். பறவையிடமிருந்து தப்பிக்கவும் ஈயைப் பிடிக்கவும் அதே வேடம்.

உருமறைப்பு ஓர் இனத்தை இரண்டாக உடைக்கவும் முடியும். கலிபோர்னியாவின் டிமெமா என்ற குச்சிப்பூச்சியில், ஊசியிலைப் புதரில் வாழ்பவற்றுக்கு முதுகில் வெள்ளைக் கோடு உண்டு. அகன்ற இலைப் புதரில் வாழ்பவற்றுக்குக் கோடு இல்லை. மாறி உட்கார்ந்தால் பறவை எடுத்துவிடும். இரு புதர்களில் பிரிந்து வாழ்பவை ஒன்றோடொன்று இணை சேரவும் தயங்குகின்றன என்று பேட்ரிக் நோசிலும் உடனாய்வாளர்களும் 2002இல் காட்டினார்கள். முற்றிலும் தனி இனங்களாகவில்லை. பாதி வழியில் நிற்கின்றன. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஜெர்மனியின் மெசல் சுரங்கத்தில் கிடைத்த 4.7 கோடி ஆண்டுப் பழமையான இலைப்பூச்சியின் புதைபடிவம் இன்றைய இலைப்பூச்சியிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. பின்னணி மாறாதவரை தேர்வு மாற்றத்தைத் தூண்டாது, விலகிப்போவதை வெட்டிவிடும்.

மலைக்குக் கீழே சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்காச்சோளக் காட்டிலும் பருத்தியிலும் இதே விதிதான் நடக்கிறது. அங்கே பறவையின் இடத்தில் பூச்சிமருந்து நிற்கிறது. காய்ப்புழுவில் மருந்தைத் தாங்கும் மரபணு கொண்டது ஆயிரத்தில் ஒன்று இருந்தாலும், தெளிப்புக்குப் பின் மிஞ்சுவது அதுதான். சில பருவங்களில் வயல் அதன் பிள்ளைகளால் நிறைந்துவிடும். மருந்து எப்போதும் ஒரே வழியில் தாக்குவதால் ஒற்றை மரபணு மாற்றமே அதைத் தோற்கடித்துவிடுகிறது. பறவையை அப்படி ஒரே அடியில் ஏமாற்ற முடியாது. பச்சைப் புழு குறைந்தால் பழுப்புப் புழுவைத் தேடும். மேலே கிடைக்காவிட்டால் இலையின் அடியைப் புரட்டும். வேளாண் துறையினர் வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டுப் பறவைத் தாங்கி அமைக்கச் சொல்வது இதற்காகத்தான். தாங்கியில் வந்து உட்காரும் கரிச்சான் விடிகாலையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். பயிர் உயரமாக வளர்ந்துவிட்டால் தாங்கி அதற்கும் மேல் தெரியும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவை உட்காராது.